ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டங்களைக் கைப்பற்றியது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தங்கம், மதம், புகழ்" என்று மூன்றே சொல்லில் இந்தக் கேள்விக்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த விடை தப்பில்லை, ஆனால் போதாது. ஸ்பெயின்காரர், போர்ச்சுகீசியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் ஒரே காரணத்துக்காகக் கப்பல் ஏறவில்லை. போன காரணம் ஒன்று, அங்கேயே தங்கிவிட்ட காரணம் வேறொன்று. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். இங்கே அமெரிக்கா என்று சொல்வது வடக்கு, தெற்கு, கரீபியத் தீவுகள் எல்லாம் சேர்த்துத்தான். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டை மட்டும் அல்ல.

கொலம்பஸ் மிளகு தேடித்தான் கிளம்பினாரா?

மிளகு மட்டும் இல்லை. தங்கம், பட்டு, லவங்கப்பட்டை, கிராம்பு எல்லாமே அவர் கணக்கில் இருந்தன. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சரக்கு பல கை மாறித்தான் போனது. மலபார்க் கரையில் ஏற்றிய மிளகு அரபு வணிகர், எகிப்து, வெனிஸ் என்று போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். நடுவில் இருப்பவர்களைத் தாண்டி நேராக வாங்கிவிட்டால் எவ்வளவு லாபம் என்று மேற்குக் கரை நாடுகள் கணக்குப் போட்டன. போர்ச்சுகல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் வழியைப் பல பத்தாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது. அந்த வழியில் வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். கொலம்பஸ் மேற்கே போய் அதே இடத்தைப் பிடிக்கலாம் என்றார்.

1492 ஆகஸ்ட் 3-ம் தேதி பாலோஸ் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்கள் கிளம்பின. சீனப் பேரரசருக்குக் கொடுக்க ஸ்பெயின் அரசர்களின் கடிதம் ஒன்று அவர் கையில் இருந்தது. எபிரேயமும் கொஞ்சம் அரபியும் தெரிந்த லூயிஸ் டி டோரஸ் என்ற மொழிபெயர்ப்பாளரும் கூட வந்தார். கியூபாவில் இறங்கியதும் பேரரசரைத் தேடி அவரை உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஐம்பது வீடுகள் கொண்ட ஒரு ஊரும், ஒரு இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகையை உள்ளே இழுக்கும் மனிதர்களும்தான் இருந்தார்கள். கையோடு கொண்டுபோன மிளகையும் லவங்கப்பட்டையையும் கொலம்பஸ் தீவுக்காரர்களிடம் காட்டி, "இது இங்கே விளையுமா?" என்று சைகையில் கேட்டார். அவர்கள் ஏதோ திசையைக் காட்டினார்கள். அந்தத் திசையில் மிளகு இல்லவே இல்லை.

ஆனால் காரமான ஒரு காய் இருந்தது. 1493 ஜனவரியில், "இவர்களுடைய மிளகு நம்முடையதைவிட உயர்ந்தது" என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். அது மிளகாய். அது நம் ஊருக்கு வந்தபோது நாமும் மிளகை வைத்துத்தானே அந்தக் காய்க்குப் பெயர் சூட்டினோம்!

துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்ததால் வழி அடைபட்டது, அதனால்தான் போனார்கள் என்று படித்தோமே?

1453-ல் ஒட்டோமான் துருக்கியர் அந்த நகரைப் பிடித்தது உண்மை. ஆனால் அதோடு மிளகு நின்றுபோகவில்லை. எகிப்து வழியாக வெனிஸுக்குச் சரக்கு வந்துகொண்டேதான் இருந்தது. போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கத் தொடங்கியதும் 1453-க்கு ரொம்ப முன்னாலேயே. வழி அடைபட்டது என்பதைவிட, அந்த வழியின் லாபம் வெனிஸ்காரர் கையில் இருந்தது என்பதுதான் மற்றவர்களை உறுத்தியது.

பூமி உருண்டை என்று நிரூபிக்கப் போனாரா?

இல்லை. உருண்டை என்பது அன்றைய படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். சண்டை உருண்டையின் அளவைப் பற்றியது. கேனரித் தீவுகளிலிருந்து ஜப்பான் ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர்தான் என்று கொலம்பஸ் வாதாடினார். உண்மைத் தூரம் அதைப் போல நான்கு மடங்குக்கு மேல். போர்ச்சுகல் அரசவையின் நிபுணர்கள் அவரைத் திருப்பி அனுப்பியதற்கு அதுவே காரணம். அவர்கள் கணக்குதான் சரி. நடுவில் ஒரு கண்டம் இருந்திராவிட்டால் கப்பலில் இருந்த அத்தனை பேரும் சோறு தண்ணீர் இல்லாமல் செத்திருப்பார்கள்.

ஸ்பெயின் மட்டும் ஏன் ஒத்துக்கொண்டது?

நேரம் அப்படி. 1492 ஜனவரி 2-ம் தேதி கிரனாடா விழுந்தது. ஸ்பெயின் மண்ணில் கடைசி முஸ்லிம் அரசு முடிந்தது. நூற்றாண்டுக் கணக்கில் போர் செய்தே நிலமும் பட்டமும் சம்பாதித்துப் பழகிய ஒரு வர்க்கம் அடுத்து என்ன என்று நின்றது. அதே ஆண்டில்தான் மதம் மாற மறுத்த யூதர்களையும் நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். போர்ச்சுகல் ஏற்கெனவே ஆப்பிரிக்கக் கரையில் தங்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று சிறு கப்பலின் செலவு பெரிதில்லை, கிடைத்தால் மலை என்று இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும் ஒத்துக்கொண்டார்கள். கொலம்பஸ் பேசி வாங்கிய ஒப்பந்தத்தைப் பார்த்தால் அவர் நோக்கமும் விளங்கும்: கண்டுபிடிக்கும் இடங்களுக்கு ஆளுநர் பதவி, வம்ச வம்சமாகக் கடற்படைத் தலைவர் பட்டம், கிடைக்கும் செல்வத்தில் பத்தில் ஒரு பங்கு.

மிளகும் இல்லை, சீனாவும் இல்லை. அப்புறம் ஏன் திரும்பிப் போகவில்லை?

ஒரு மூக்குத்தியால். தீவில் இறங்கிய மறுநாள், சிலர் மூக்கில் துளையிட்டுச் சின்னத் தங்கத் துண்டு தொங்கவிட்டிருந்ததைக் கொலம்பஸ் கவனித்தார். இது எங்கே கிடைக்கிறது என்று கேட்கத் தொடங்கியவர் கடைசிவரை நிறுத்தவில்லை. இந்த மக்கள் நல்ல வேலைக்காரர்களாக இருப்பார்கள், எளிதில் கிறிஸ்தவர்களாக ஆவார்கள் என்று இறங்கிய முதல் நாளே எழுதியும் வைத்தார். தங்கம், ஆள், மதம் மூன்றும் அந்த இரண்டே நாள் குறிப்பில் வந்துவிட்டன.

அடுத்த முறை, 1493-ல், 17 கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு வந்தார். இன்று ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் ஹிஸ்பானியோலா தீவில் ஒரு வரி போட்டார்: தங்கம் கிடைக்கும் பகுதியில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நிறையத் தங்கத்தூள் கொண்டுவர வேண்டும். அந்த மணி, வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சின்ன மணி. முதல் சந்திப்பில் தீவுக்காரர்கள் அதன் ஓசையில் மயங்கி ஆசையாக வாங்கிக்கொண்ட அதே மணி. ஆற்று மணலைச் சலித்து அதை நிரப்பும் அளவுக்கு அங்கே தங்கம் இல்லை. கொடுக்க முடியாதவர்களுக்குத் தண்டனை விழுந்தது. மக்கள் பயிரைப் போட்டுவிட்டு மலைக்கு ஓடினார்கள், பட்டினியில் இறந்தார்கள். அந்த மணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகும்.

கடைசியில் தங்கம் கிடைத்ததா?

கிடைத்தது, ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே பிறர் சேர்த்து வைத்திருந்த தங்கம். 1521-ல் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ், மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக் மக்களின் தலைநகர் டெனோச்டிட்லானை வீழ்த்தினார். 1532-ல் இன்னொரு ஸ்பானியத் தளபதி பிசாரோ 168 ஆட்களோடு பெருவின் கஹமார்காவில் இன்கா மன்னர் அத்தாவல்பாவைப் பிடித்தார். விடுதலைக்கு விலையாக ஒரு பெரிய அறையைக் கை எட்டும் உயரத்துக்குத் தங்கத்தாலும், இரண்டு முறை வெள்ளியாலும் நிரப்பித் தருவதாக மன்னர் ஒப்புக்கொண்டார். நாடெங்கிலும் இருந்து வந்த கலைப்பொருட்களையெல்லாம் உருக்கிக் கட்டியாக்கிப் பங்கு போட்டார்கள். பங்கு போட்ட பிறகு மன்னரைக் கொன்றார்கள்.

ஆனால் ஸ்பெயினை அங்கே கட்டிப்போட்டது தங்கம் இல்லை, வெள்ளி. 1545-ல் இன்றைய பொலிவியாவில், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே, பொட்டோசி என்ற மலையில் வெள்ளி கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே மெக்சிகோவில் சகடேகாஸ். மூச்சுவிடவே சிரமமான அந்த உயரத்தில் ஒரு நகரம் எழுந்து, 1600-களின் தொடக்கத்தில் சுமார் 1,60,000 பேர் வாழும் இடமானது. வெட்டியெடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. மிக மதிப்புள்ள பொருளை "ஒரு பொட்டோசி பெறும்" என்று ஸ்பானிய மொழியில் இன்றும் சொல்வார்கள்.

வெட்டியது யார்? 1570-களில் வைஸ்ராய் டொலேடோ, சுற்றுவட்டார மாகாணங்களின் ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் முறைவைத்துச் சுரங்க வேலைக்கு வர வேண்டும் என்று கட்டளையிட்டார். இதற்கு மித்தா என்று பெயர்; கெச்சுவா மொழியில் 'முறை' என்று பொருள். இன்கா ஆட்சியில் சாலை போடவும் கால்வாய் வெட்டவும் இருந்த ஒரு வழக்கத்தின் பெயரை எடுத்து, சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கப் பயன்படுத்தினார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில், தாது மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, தோல் ஏணிகளில் ஏற வேண்டும். பசி தெரியாமல் இருக்கக் கோக்கா இலையை மென்றார்கள். வெளியே வந்தால் பொடித்த தாதைப் பாதரசத்தோடு சேர்த்து மிதிக்கும் வேலை. புறப்படும் நாளில் குடும்பமே கூட நடந்து போகும். வயலில் உழ ஆள் இருக்காது.

அந்த வெள்ளி எங்கே போனது என்று பாருங்கள். ஒரு பங்கு ஸ்பெயின் போர்களுக்கும் கடனுக்கும் போனது. இவ்வளவு வந்தும் இரண்டாம் பிலிப் 1557, 1575, 1596 ஆண்டுகளில் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தார். இன்னொரு பங்கு 1571 முதல் மணிலா வழியாகச் சீனாவுக்கு. இன்னொரு பங்கு ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பலில் இந்தியாவுக்கு. சோழமண்டலக் கரையில் துணி வாங்கவும் மலபாரில் மிளகு வாங்கவும் ஐரோப்பியர்கள் கொட்டிய வெள்ளியில் பெரும்பகுதி அமெரிக்க வெள்ளி. மிளகு தேடிப் போய்க் கிடைக்காத இடத்திலிருந்து வந்த வெள்ளியைக் கொண்டுதான் கடைசியில் மிளகு வாங்கினார்கள்.

அரசர்கள் சரி. சாதாரண மனிதன் ஏன் உயிரைப் பணயம் வைத்துப் போனான்?

ஊரில் அவனுக்கு வழி இல்லை. கோர்டெஸும் பிசாரோவும் ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதுரா என்ற வறண்ட பகுதிக்காரர்கள். பெயரளவில் குலப்பெருமை, கையில் காசில்லாத குடும்பங்கள் அங்கே அதிகம். படையில் சேர்ந்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கொள்ளையில் பங்கு, அப்புறம் 'என்கொமியெண்டா': இந்த ஊர் மக்களின் உழைப்பும் வரியும் இனி உனக்கு என்று எழுதிக் கொடுப்பது. ஊரில் ஏர் பிடிக்க நிலம் இல்லாதவன் அங்கே ஒரு ஊருக்கே எஜமான்.

கோர்டெஸோடு போன பெர்னால் டியாஸ் என்ற சிப்பாய் முதுமையில் இதை ஒளிக்காமல் எழுதினார்: கடவுளுக்கும் அரசருக்கும் சேவை செய்யவும், இருளில் இருப்பவர்களுக்கு வெளிச்சம் காட்டவும், எல்லா மனிதரும் தேடும் செல்வத்தைச் சேர்க்கவும் போனோம் என்று. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார், அவர் மனதில் அவை ஒன்றோடொன்று மோதவே இல்லை.

அப்படியானால் மதம் வெறும் சாக்குதானா?

அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாக்காக இருந்த இடமும் உண்டு, உண்மையான நம்பிக்கையாக இருந்த இடமும் உண்டு.

சாக்கு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காகிதத்தைக் காட்டலாம். 1513-ல் ஸ்பெயின் அரசவை ஒரு அறிக்கையை எழுதிக் கொடுத்தது. தாக்குவதற்கு முன் அதை அந்த ஊர் மக்களுக்கு வாசிக்க வேண்டும். உலகைக் கடவுள் படைத்தார், போப்பாண்டவர் இந்த நிலத்தை எங்கள் அரசருக்குக் கொடுத்தார், ஏற்றுக்கொள்ளுங்கள். மறுத்தால் போர் தொடுப்போம், உங்களையும் மனைவி மக்களையும் அடிமையாக்குவோம், அதனால் வரும் சாவுக்கும் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். வாசித்தது ஸ்பானிய மொழியில். கேட்பவர்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆள் ஓடிப்போன காலி ஊரிலும், கரைக்கு வராமல் கப்பலில் நின்றபடியும் வாசித்திருக்கிறார்கள். வாசித்தாயிற்று என்று எழுத்தர் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி எல்லாம் சரி.

உண்மையான நம்பிக்கையும் அதே காலத்தில் பேசியது. 1511 டிசம்பரில் அந்தோனியோ டி மொண்டெசினோஸ் என்ற துறவி ஹிஸ்பானியோலா தேவாலயத்தில், நிலக்கிழார்கள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, "இவர்கள் மனிதர்கள் இல்லையா? இவர்களுக்கு ஆன்மா இல்லையா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் தானும் என்கொமியெண்டா வைத்திருந்த லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் பிறகு அதை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுக்க அந்த மக்களுக்காக வாதாடினார். 1542-ல் வந்த புதிய சட்டங்கள் பூர்வகுடிகளை அடிமையாக்குவதைத் தடை செய்தன. ஆனால் பெருவில் நிலக்கிழார்கள் கலகம் செய்து வைஸ்ராயையே கொன்றார்கள். அரசு பாதி பின்வாங்கியது. மதமும் வருமானமும் நேருக்கு நேர் மோதிய இடத்தில் பெரும்பாலும் வென்றது வருமானம்தான் என்றே நான் நினைக்கிறேன். மொண்டெசினோஸின் கேள்வியை அதற்காக மறந்துவிடவும் கூடாது.

பிரேசில் மட்டும் போர்ச்சுகீசியர் கைக்குப் போனது எப்படி?

1494-ல் டோர்டெசில்லாஸ் ஊரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரு ஒப்பந்தம் போட்டன. கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் (பழைய கடல் தூர அளவு) தொலைவில் வடக்கு தெற்காக ஒரு கோடு. கிழக்கே போர்ச்சுகல், மேற்கே ஸ்பெயின். அந்தக் கோட்டின் இரு பக்கமும் வாழ்ந்தவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. 1500-ல் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்ரால் வழியில் கரை தட்டிய நிலம் கோட்டுக்குக் கிழக்கே இருந்தது. முதலில் அங்கே கிடைத்தது துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் மரம். ஆசியாவிலிருந்து போய்க்கொண்டிருந்த பதிமுக மரத்துக்கு ஐரோப்பாவில் 'பிரேசில்' என்று பெயர். அதன் உறவுக்கார மரம் இங்கே காடாகக் கிடந்ததால் நாட்டுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் எது?

என்னைக் கேட்டால் சர்க்கரை. பாடப்புத்தகத்தில் தங்கத்துக்கு ஒரு பக்கமும் சர்க்கரைக்கு ஒரு வரியும் கிடைப்பது எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

கரும்பு அமெரிக்காவில் கிடையாது. கொலம்பஸ்தான் இரண்டாம் பயணத்தில் கேனரித் தீவுகளிலிருந்து கொண்டுபோய் நட்டார். மதேராவிலும் சான் டோமேயிலும் போர்ச்சுகீசியர் கண்டிருந்த முறை, அதாவது தீவு, கரும்பு, ஆப்பிரிக்க அடிமைகள், முதலில் பிரேசிலுக்குப் போனது. 1640-களில் ஆங்கிலேயரின் பார்படோஸுக்கு, அப்புறம் ஜமைக்கா, மார்ட்டினிக், குவாதலூப். 1780-களின் முடிவில், இன்று ஹைத்தியாக இருக்கும் செயிண்ட் டொமிங் என்ற ஒரே பிரெஞ்சுக் காலனி ஐரோப்பாவுக்குப் போன சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைக் கொடுத்தது.

கரும்பை வெட்டினால் ஓரிரு நாளில் ஆட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாறு கெட்டுப்போகும். கரும்பு விளையும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் வெட்டுக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். உருளைகளுக்குள் கரும்பைக் கொடுப்பவர் தூக்கக் கலக்கத்தில் கையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், உடல் முழுவதும் உள்ளே போவதற்குள் கையை வெட்டிவிட ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு கோடாலி வைத்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட வேலைக்கு யாரும் விரும்பி வர மாட்டார்கள். பூர்வகுடிகள் நோயிலும் கொடுமையிலும் அழிந்துகொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1 கோடியே 25 லட்சம் பேரைக் கப்பலில் ஏற்றினார்கள்; உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். அதில் 48 லட்சம் பேர் பிரேசிலுக்கு. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டு மண்ணில் நேரடியாக இறங்கியவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. கரும்பு எங்கே அதிகமோ, கப்பல் அங்கேதான் அதிகம் போனது.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் கரும்பு நின்றது; ஆள்தான் மாறினார்கள். 1838 முதல் பிரிட்டிஷ் கயானாவுக்கு இந்தியர்கள் போனார்கள். 1853-ல் மார்ட்டினிக்குக்கும், அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கும், புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். அவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். அந்தத் தீவுகளில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஏன் குளிர்காடான கனடாவுக்குப் போனார்கள்?

முதலில் மீனுக்கு. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் கொட்டிக் கிடந்தது. 1497-ல் ஜான் கேபட்டின் ஆட்கள் கூடையை இறக்கியே அள்ளலாம் என்று ஊர் திரும்பிச் சொன்னார்கள். கத்தோலிக்க நாடுகளில் இறைச்சி தொடக் கூடாத விரத நாட்கள் ஆண்டில் நூற்றுக்கும் மேல். உப்புப் போட்டுக் காயவைத்த மீனுக்கு அதனால் என்றும் கிராக்கி. கருவாடு காயவைக்கக் கரை வேண்டும், அதனால் கரையில் இறங்கினார்கள். கரையில் இறங்கியவர்களிடம் அங்கிருந்தவர்கள் கொண்டுவந்து காட்டியது பீவர் என்ற விலங்கின் தோல்.

ஐரோப்பாவில் அப்போது தொப்பி இல்லாத கனவான் கிடையாது. பீவரின் அடிமயிர், தொப்பி செய்ய மயிரை அழுத்தி ஆக்கும் ஃபெல்ட் துணிக்கு அவ்வளவு பொருத்தம். ஐரோப்பியப் பீவரை ஏற்கெனவே வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். பூர்வகுடிகள் ஒன்றிரண்டு குளிர்காலம் மேலில் போட்டுப் பழசான தோலுக்குத்தான் விலை அதிகம். வியர்வையும் எண்ணெயும் ஊறி, மேலிருக்கும் முரட்டு மயிர் உதிர்ந்து, அடிமயிர் மட்டும் நிற்கும். தங்கள் பழைய போர்வைக்கு இரும்புக் கெண்டியும் கத்தியும் கொடுக்கிறார்களே என்று விற்றவர்கள் வியந்திருக்கிறார்கள்.

ஷாம்ப்லேன் 1608-ல் கியூபெக்கை நிறுவினார். தோல் வணிகத்துக்கு வேட்டைக்காரர்களின் தயவு வேண்டும், அவர்களைத் துரத்தினால் வணிகமே இல்லை. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களோடு கூட்டணி வைத்தார்கள், பெண் எடுத்தார்கள், மொழி கற்றார்கள். 1663-லும் அங்கே குடியேறியவர்கள் சுமார் 3,000 பேர்தான். நல்ல மனதால் வந்த நடத்தை என்பதைவிடத் தொழில் கற்றுக்கொடுத்த நடத்தை இது.

ஆங்கிலேயர்கள்?

அவர்கள் தாமதமாக வந்தார்கள், நிலத்தையே குறிவைத்தார்கள். 1584-ல் ரிச்சர்ட் ஹாக்லூட் என்பவர் எலிசபெத் அரசிக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். வேலையில்லாமல் திரியும் ஆட்களை அனுப்ப இடம் வேண்டும், கம்பளித் துணியை விற்கச் சந்தை வேண்டும், கப்பல் கட்ட மரமும் தாரும் வேண்டும், ஸ்பெயினை அடிக்க ஒரு தளம் வேண்டும் என்று அடுக்கியிருந்தார். இங்கிலாந்தில் பொது மேய்ச்சல் நிலங்களைப் பெரிய நிலக்காரர்கள் வேலியடைத்துக்கொண்டிருந்த காலம் அது. பிழைப்புப் போனவர்கள் சாலைகளில் அலைந்தார்கள்.

1607-ல் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்களை அனுப்பியது அரசு இல்லை, பங்குதாரர்கள் சேர்ந்த வர்ஜீனியா கம்பெனி. அவர்களும் முதலில் தேடியது தங்கம்தான். 1609-10 குளிர்காலத்தில் ஏறக்குறைய 500 பேரில் 60 பேர்தான் பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது புகையிலை. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் இனிப்பான ரகம் ஒன்றை நட்டுப் பார்த்தார். லண்டனில் விலை போனது. 1617-ல் வந்த ஆளுநர் ஜேம்ஸ்டவுன் தெருக்களிலேயே புகையிலை நட்டிருந்ததைப் பார்த்தார்.

புகையிலை மூன்று நான்கு ஆண்டில் மண்ணை உறிஞ்சிவிடும். அப்புறம் புது நிலம் வேண்டும், அது பௌஹாட்டன் மக்களின் நிலம். தன் செலவில் வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கர் என்று கம்பெனி அறிவித்தது. வழிச்செலவுக்குக் காசில்லாதவர்கள் நான்கு முதல் ஏழு ஆண்டு கூலியில்லா உழைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 1619-ல் முதல் ஆப்பிரிக்கர்களும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பிரெஞ்சுக்காரருக்கு வேட்டைக்காரன் தேவைப்பட்டான்; ஆங்கிலேயருக்கு அவன் நின்ற நிலம் தேவைப்பட்டது.

மதச் சுதந்திரம் தேடித்தானே மேஃப்ளவரில் போனார்கள்?

பாதி உண்மை. மேஃப்ளவர் கப்பலில் போன, இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து விலகிய பிரிவினர் இங்கிலாந்தில் துன்பப்பட்டதும் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனதும் உண்மை. ஆனால் லெய்டனில் அவர்கள் விருப்பப்படி கும்பிடத் தடை இல்லை. பிழைப்பு கடினமாக இருந்தது, பிள்ளைகள் டச்சுக்காரர்களாக மாறிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் 1620-ல் லண்டன் வணிகர்களிடம் கடன் வாங்கிக் கிளம்பினார்கள். 102 பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்களே இல்லை.

பத்தாண்டு கழித்து மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் (இங்கிலாந்துத் திருச்சபையைத் திருத்த விரும்பியவர்கள்) கேட்டது தங்கள் மதத்துக்கான சுதந்திரம் மட்டும். மாற்றுக் கருத்துச் சொன்ன ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகரை நாடு கடத்தினார்கள். குவேக்கர் பிரிவைச் சேர்ந்த மேரி டயர் என்ற பெண்ணை 1660-ல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். எல்லோருக்கும் வழிபாட்டு உரிமை என்று ரோட் ஐலண்டும் பென்சில்வேனியாவும் சொன்னது, இப்படித் துரத்தப்பட்டவர்களால்தான்.

நிலம் காலியாகத்தானே கிடந்தது?

இல்லை. இந்தக் கேள்விக்கு நான் ஒரு மனிதரைக் காட்டித்தான் பதில் சொல்வேன். மேஃப்ளவர்க்காரர்கள் ஊர் அமைத்த பிளிமத், பட்டக்ஸெட் என்ற ஊர் இருந்த இடம். அந்த ஊர்க்காரர் டிஸ்குவாண்டம், பாடப்புத்தகங்களில் ஸ்குவாண்டோ. 1614-ல் ஒரு ஆங்கிலக் கப்பல்காரர் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்றார். அவர் எப்படியோ இங்கிலாந்துக்குப் போய், மொழி கற்று, 1619-ல் ஊர் திரும்பினார். ஊரில் ஒரு உயிர் இல்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய் எல்லோரையும் கொண்டுபோயிருந்தது. திருத்திய வயல் மட்டும் கிடந்தது. 1621-ல், தன் ஊர் இருந்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மீனை உரமாகப் போட்டு மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ஆப்பிரிக்காவையும் இந்தியாவையும் அதே 1500-களில் ஏன் அப்படிப் பிடிக்கவில்லை?

முடியவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் ஐரோப்பியர்களைக் கொன்றன. இந்தியாவில் விஜயநகரம், பிறகு முகலாயர் என்று பெரும் படைகள் இருந்தன. கரையோரம் ஒரு கோட்டை கட்டி வணிகம் செய்வதற்கே போராட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் நோய் எதிர்ப்பக்கம் நின்றது. பெரியம்மையையே கண்டிராத உடல்கள் அவை. 1520-ல் டெனோச்டிட்லான் முற்றுகைக்கு முன்பே நகரில் பெரியம்மை பரவியது. அஸ்தெக் அரியணை ஏறிய குவிட்லாவாக் சுமார் 80 நாளில் அதில் இறந்தார். அதோடு, கோர்டெஸின் பக்கம் நின்று போரிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அஸ்தெக் ஆட்சியை வெறுத்த டிலாஸ்கலா போன்ற உள்ளூர் மக்கள்தான். சில நூறு ஸ்பானியர்கள் ஒரு பேரரசை வென்றார்கள் என்ற கதையில் இவர்களை விட்டுவிடுகிறார்கள்.

டச்சுக்காரர், டென்மார்க்காரர் எல்லாம் எதற்கு வந்தார்கள்?

மற்றவர்கள் சம்பாதிப்பதைப் பார்த்து. மேற்கிந்தியக் கம்பெனியை 1621-ல் தொடங்கிய டச்சுக்காரர்கள் தோலுக்காக மன்ஹாட்டனில் கடை போட்டார்கள். 1667 உடன்படிக்கையில் அதை ஆங்கிலேயரிடமே விட்டுவிட்டு, கரும்பு விளையும் சூரிநாமை வைத்துக்கொண்டார்கள். அன்றைய கணக்கில் அது லாபமான முடிவு. ஸ்வீடன் 1638 முதல் 1655 வரை டெலாவர் ஆற்றங்கரையில் இருந்தது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே டென்மார்க், 1672-ல் கரீபியத்தில் செயிண்ட் தாமஸ் தீவில் குடியேறி அடிமை வணிகம் செய்தது.

நாடுகளின் போட்டியும் ஒரு காரணம் என்கிறார்களே, அது எவ்வளவு பெரியது?

போகப் போக அதுவே பெரிய காரணமாகிவிட்டது. நமக்கு ஒரு இடம் வேண்டும் என்பதைவிட, அது எதிரிக்குப் போய்விடக் கூடாது என்ற எண்ணம் மேலோங்கியது. ஏழாண்டுப் போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கியூபெக்கிலும் கரீபியத்திலும் நம் கரையிலும் ஒரே நேரத்தில் மோதினார்கள். கியூபெக் 1759-ல் விழுந்தது, புதுச்சேரி 1761 ஜனவரியில்.

1763 பாரிஸ் உடன்படிக்கையில் கணக்குத் தீர்த்தபோது, புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்ப வந்தது. கனடாவைப் பிரான்ஸ் விட்டுக்கொடுத்தது. கரும்பு விளையும் குவாதலூப்பையும் மார்ட்டினிக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய கனடாவில் அது விடாமல் பிடித்துக்கொண்டது, நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் செயிண்ட் பியர், மிக்கலான் என்ற இரண்டு சின்னத் தீவுகளை மட்டும். மீன் காயவைக்க இடம் வேண்டுமே. அந்தத் தீவுகள் இன்றும் பிரான்சிடம்தான் இருக்கின்றன.